அக்கரைச் சீமையின் ஜீவனச் செலவு: புறப்படுமுன் போடவேண்டிய கணக்கு

பிழைப்பின் பொருட்டு வேறு தேசத்துக்குச் செல்ல எண்ணும் கிராமவாசி முதலில் விசாரிப்பது, அங்கே மாதச் சம்பளம் என்ன என்பதையே. இரண்டாவதாக, அச்சம்பளம் நம் நாணயத்தில் எத்தனை ரூபாய் ஆகும் என்று கேட்கிறார். பெரும்பாலும் இவ்விரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அங்கே ஓர் ஆள் ஒரு நாள் உண்பதற்கு என்ன செலவாகும், படுக்கும் இடத்துக்கு என்ன கொடுக்கவேண்டும், புறப்படுமுன் பட்ட கடனுக்கு மாதம் எவ்வளவு வட்டி ஏறும், ஊரில் விட்டுச்செல்லும் அடுப்புக்கு எவ்வளவு அனுப்பவேண்டும் என்ற நான்கையும் கேட்டறிந்து, காகிதத்தில் எழுதிப் பார்த்தபின் புறப்படுவோர் மிகச் சிலரே. கூட்டுறவு நாணயச் சங்கத்தின் அங்கத்தினர்களுக்கு இந்நான்கும் அந்நிய விஷயங்கள் அல்ல. பிரயாணச் செலவுக்காக அடகு வைக்கப்படும் நகையும் நிலமுமே சங்கக் கடனுக்கும் ஆதாரமாயிருப்பவை. அக்கரையில் ஒரு மனிதனுடைய கணக்குத் தவறினால் இக்கரையில் சங்கத்தின் தவணை தவறுகிறது.

இதை விளக்க நாம் தூரதேசங்களின் சரித்திரத்தைப் புரட்டவேண்டியதில்லை. நம் பாட்டன்மாரும் பூட்டன்மாரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் சென்ற கதையிலேயே வேண்டிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே பழைய கணக்கை முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் இக்காலத்துக் கணக்குக்கு வருவோம்.

இப்போதைய திண்டுக்கல், தேனி ஜில்லாக்களும் சேர்ந்திருந்த அக்காலத்து மதுரை ஜில்லாவில், 1895-ஆம் வருஷம் பெரியாறு அணையின் நீர் வந்து சேர்ந்தபின் மேலூர்ப் பக்கத்திலும் மதுரைக்கு அருகிலும் நன்செய் பெருகிற்று. ஆனால் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசலும் செவலும் வானத்தையே நம்பி நின்றன. கம்பும் சோளமும் பருத்தியும் ஒரு வருஷம் விளையும்; மறு வருஷம் விளையா. 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருஷப் பஞ்சத்தைப்பற்றிக் கிழவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் கிராமங்களில் உண்டு. இத்தகைய பூமியிலிருந்து கடல் கடந்து போனவர்கள் ஆசையினால் மட்டும் போனவர்கள் அல்லர். திருச்சி, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் அவ்வாறே ஜனங்கள் சென்றனர்.

முதலில் அவர்கள் போனது காப்பித் தோட்டங்களுக்கு. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் வழியாக மாத்தளை வரையில் கால்நடையாகவே சென்றார்கள். காட்டுச் சுரத்தாலும் வாந்திபேதியாலும் வழியில் மடிந்தவர் அநேகர். 1869-ல் காப்பி இலையில் நோய் கண்டு, பத்துப் பதினைந்து வருஷங்களில் காப்பி அழிய, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. மதுரையிலிருந்து மண்டபத்துக்கு 1902-ல் ரயில் வந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியது. பிரயாணம் சுலபமாயிற்று. ஆனால் பிரயாணம் சுலபமானதும் ஜீவனம் சுலபமாயிற்று என்று எண்ணுவது பிசகு. இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

பழைய முறையில் ஆள் திரட்டியவர் கங்காணி. அவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரரே, சில சமயம் உறவினரும்கூட. தோட்டத்துரையிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு ஊருக்கு வருவார். பழைய கடனைத் தீர்க்க ஒருவனுக்குக் கொஞ்சம், கல்யாணச் செலவுக்கு ஒருவனுக்குக் கொஞ்சம், வழிச்செலவு, வேஷ்டி, சேலை எனக் கொடுப்பார். எல்லாம் கணக்கில் ஏறும். தோட்டத்தை அடையும் அன்றே அக்குடும்பம் கடன்காரக் குடும்பமாகத்தான் லயத்துக் காம்பராவில் கால்வைத்தது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், கடன் தொகையைக் குறிக்கும் ‘துண்டு’ என்னும் சீட்டைப் பெறவேண்டும். புதிய துரை அத்தொகையைச் செலுத்தினால்தான் ஆள் விடுபடுவான். உண்மையில் அவன் விடுபடவில்லை; அவனுடைய கடன் கைமாறிற்று, மாறும்போது வளர்ந்தும் போயிற்று. இத்துண்டு முறை 1921-ல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1922-ஆம் வருஷத்து இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதையொட்டிய விதிகளும் வந்தபின், ஆள் திரட்டும் செலவையும் பிரயாணச் செலவையும் தோட்டத்தார் செலுத்திய பொது நிதியே ஏற்றது; கூலியாளிடம் அதை வசூலிக்கலாகாது என்றும் ஏற்பட்டது. ஆயினும் கங்காணியிடத்திலும் கடையிலும் பட்ட சொந்தக் கடன் சட்டத்தோடு மறையவில்லை. அது ஏன் மறையவில்லை என்பதே இப்பாடத்தின் மையம்.

1927-ல் இலங்கைச் சட்டசபை, இந்தியக் கூலியாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. 1929 தொடக்கத்தில் கூலி விகிதங்கள் அமுலுக்கு வந்தன. மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கீழ்நாட்டில் ஆண் கூலி 50 சதம். தோட்டத்தார் கொடுக்கும் அரிசி, புசல் ஒன்றுக்கு 6 ரூபாய் 40 சதத்துக்கு மேற்படலாகாது என்றும் விதிக்கப்பட்டது. இலங்கை ரூபாயும் நம் ரூபாயும் அப்போது சமமதிப்பு உள்ளவை. நூறு சதம் ஒரு ரூபாய். ஆகவே 54 சதம் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 8 அணா 8 பை.

ஊரில் இதைக் கேட்டவனுக்கு ‘எட்டணாவுக்கு மேல் கூலி’ என்பது காதில் தேனாகப் பாய்ந்தது. ஆனால் அவன் கேட்டிருக்கவேண்டியது வேறு. அந்த 54 சதத்துக்கு அவ்வூரில் எத்தனை அளவை அரிசி கிடைக்கும்? ஒரு புசல் அரிசி 32 அளவை கொண்டது. ஓர் அளவை சுமார் 2 ராத்தல் எடை. புசல் 6 ரூபாய் 40 சதம் என்றால் அளவை 20 சதம். ஆகவே ஓர் ஆணின் நாட்கூலி 2 அளவையும் அதற்குமேல் முக்காலுக்குச் சற்றுக் குறைவும். பெண்ணின் நாட்கூலி 2 அளவைக்குச் சற்று அதிகம். (நம் ஊர்ப் படியும் அவ்வூர் அளவையும் ஒன்றல்ல, ஊருக்கு ஊர் படி மாறுவதால் எடையில் கணக்கிடுவதே நேர்.) நாணயம் எந்தத் தேசத்துடையதாயினும் கூலியை அரிசியாக மாற்றிப் பார்க்கும்போதுதான் அதன் பலம் தெரியும்.

இப்போது ஒரு குடும்பத்தின் மாத வரவுசெலவைப் போட்டுப் பார்ப்போம். கூலியும் அரிசி விலையும் மேலே சொன்ன 1929-ஆம் வருஷத்து விகிதங்கள். மற்றத் தொகைகள் பாடத்துக்காக நாமே வைத்துக்கொள்பவை. புருஷன், மனைவி, கைக்குழந்தை, வேலை செய்ய இயலாத தாயார் என நால்வர். புருஷனுக்கு மாதத்தில் 24 பேர். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைச் செக்ரோலில் ஒரு ‘பேர்’ என்றே பதிவார்கள். மனைவிக்கு 20 பேர். அவன் வரவு 12 ரூபாய் 96 சதம். அவள் வரவு 8 ரூபாய் 60 சதம். ஆக 21 ரூபாய் 56 சதம். நால்வருக்கும் மாதம் 2 புசல் அரிசி என்றால் 12 ரூபாய் 80 சதம். வந்ததில் பத்தில் ஆறு பங்கு அரிசிக்கே போயிற்று. மிச்சம் 8 ரூபாய் 76 சதம்.

இதில்தான் உப்பு, மிளகாய், தேங்காய், எண்ணெய், கருவாடு எல்லாம் வாங்கவேண்டும். அதற்கு 4 ரூபாய் 50 சதம் வைப்போம். துணிக்கும் கம்பளிக்கும் மாதப் பங்கு 1 ரூபாய் 50 சதம். கம்பளி என்பது மதுரைச் சமவெளியில் பிறந்தவன் ஊரில் வாங்கியறியாத சாமான். நுவரெலியா பக்கத்து மழையிலும் பனியிலும் அது இல்லாமல் உயிர் தரிக்காது. புதிய தேசத்தில் இப்படி ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு புதிய சாமான் காத்திருக்கும். சலவை, நாவிதர், கோவில் திருவிழா வரி ஆகியவற்றுக்கு 75 சதம். ஆகச் செலவு 6 ரூபாய் 75 சதம். கையில் நிற்பது 2 ரூபாய் 1 சதம்.

வீட்டுக்கு வாடகை இல்லை. விறகும் வைத்தியமும் தோட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றையெல்லாம் கழித்தபின்பும் மிச்சம் இரண்டு ரூபாய்தான். நாற்பது ரூபாய்க் கடன் இருந்தால், வட்டியே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் அடைக்க 20 மாதம். இதற்கிடையில் மனைவி பத்து நாள் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டால் 4 ரூபாய் 30 சதம் வரவு குறையும். அம்மாதம் 2 ரூபாய் 29 சதம் துண்டு விழும். துண்டு விழுந்ததைக் கொடுப்பவர் யார்? கங்காணியும் கடைக்காரரும். சட்டம் துண்டுச் சீட்டை ஒழித்தும் கடன் ஒழியாததற்குக் காரணம் இவ்விரண்டு ரூபாயின் குறுக்கம்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். உலகமெங்கும் வியாபாரம் படுத்த 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் தேயிலை விலையும் ரப்பர் விலையும் வீழ்ந்தன. கூலி குறைக்கப்பட்டது, அரிசி விலையும் கூடவே குறைக்கப்பட்டது. அதனால் பாதகமில்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அத்தகைய காலத்தில் குறைவது கூலி மட்டும் அல்ல. வேலை நாளும் குறையும். மேற்கண்ட குடும்பத்தில் விலையும் கூலியும் மாறாமல், புருஷனுக்கு 24-க்குப் பதில் 18 பேரும் மனைவிக்கு 20-க்குப் பதில் 15 பேரும் மட்டும் கிடைத்ததென்று கொள்வோம். வரவு 16 ரூபாய் 17 சதம். அரிசி அதே 12 ரூபாய் 80 சதம். வேலை இல்லாத நாளிலும் வயிறு உண்டு. மிச்சம் 3 ரூபாய் 37 சதம். அதாவது வேலை நாலில் ஒரு பங்குதான் குறைந்தது; ஆனால் அரிசி போக மிஞ்சியது 8 ரூபாய் 76 சதத்திலிருந்து இறங்கி, ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அங்கத்தினர்கள் இக்கணக்கை ஒருமுறை தம் கையால் போட்டுப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்பவர், எத்தனை நாள் வேலை நிச்சயம் என்பதையும் அதே மூச்சில் கேட்கவேண்டும்.

மலேயாவைப்பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1907-ல் அங்கே குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டு, தோட்டத்தார் செலுத்திய பணத்தில் கூலியாட்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்குக் கட்டணமின்றிக் கப்பலேறினர். 1929-ஐ ஒட்டி ஆண் கூலி நாளொன்றுக்கு 50 காசு. மலேயா வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸுக்கும் நம் ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸுக்கும் கட்டுப்பட்டிருந்தபடியால், 50 காசு ஏறத்தாழ 12 அணா 5 பை ஆயிற்று. இலங்கையைவிட அதிகம் என்று ஊரில் பேசிக்கொண்டனர். ஆனால் காசை அணாவாக மாற்றிப் பெருமைப்படுபவன், செலவை மட்டும் ஊர் விலையில் நினைத்துக்கொள்கிறான். சம்பளம் வெள்ளியில் வந்தால் செலவும் வெள்ளியில்தான். அன்றியும் இலங்கைக்குப் பெரும்பாலும் குடும்பத்தோடு சென்றனர். ஓர் அடுப்பு எரிந்தது. மலேயாவுக்குத் தனியாகச் சென்ற ஆண்கள் மிகுதி. அங்கே ஓர் அடுப்பு, ஊரில் ஓர் அடுப்பு. தோட்டத்துக் கள்ளுக்கடையையும் சேர்த்தால் மூன்று என்று சொல்வதும் தவறாகாது. வியாபாரம் படுத்தபோது, 1930 முதல் 1932 வரை, பல்லாயிரக்கணக்கானவர் வேலையிழந்து திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-ல் மறுபடியும் கூலி குறைக்கப்பட்டதையொட்டி, அவ்வருஷம் ஜூன் மாதத்தில் மலேயாவுக்குத் தோட்டக் கூலியாட்கள் செல்வதை இந்திய சர்க்கார் தடுத்தது. அடுத்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இலங்கைக்குச் செல்வதும் தடுக்கப்பட்டது.

போனவர்களின் கதை அத்துடன் முடியவில்லை. 1948-ல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் பெரும்பாலோர் எத்தேசத்துப் பிரஜைகளும் அல்லாதவராயினர். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியாரும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. பாட்டன் போன வழியில் பேரன் திரும்பி வந்தான். அவனை வரவேற்றதும் அதே மண்டபம் முகாம்தான். அவனுக்குத் தமிழ்நாடே புதிய தேசம். இவ்வூர் விலைவாசியும் கூலியும் அவன் அறியாதவை. தேயிலை பறிக்கத் தெரிந்த கைக்கு ஏர் பிடிக்கத் தெரியவில்லை. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்காக 1969-ல் ஏற்பட்ட ரெப்கோ வங்கி ஒரு கூட்டுறவு ஸ்தாபனம் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நல்லது. மலேயாவில் தங்கிவிட்டவர்களும் கூட்டுறவைக் கைவிடவில்லை. ஐரோப்பியக் கம்பெனிகள் தங்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால் வெட்டும் தொழிலாளர்கள் மாதந்தோறும் சிறுகச் சிறுகப் பங்குத்தொகை செலுத்தி, தாங்கள் கூலிக்கு நின்ற தோட்டங்களைத் தாங்களே விலைக்கு வாங்கினர். கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது. கடனோடு கப்பலேறியவர்களின் பிள்ளைகள் செய்த காரியம் இது.

இனி இக்காலத்துக் கணக்கு.

இப்போது நம் கிராமத்து வாலிபர்கள் அரபு நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் செல்கிறார்கள். கங்காணியின் இடத்தில் ஏஜெண்டு இருக்கிறார். வித்தியாசம் ஒன்று உண்டு. அது நமக்குச் சாதகமானது அல்ல. 1923-க்குப் பின் தோட்டத்துக்குச் சென்றவனுடைய பிரயாணச் செலவை முதலாளிமார் பொது நிதி ஏற்றது. இன்று செல்பவர்களில் அநேகர் தம் செலவைத் தாமே கடன் வாங்கிச் செலுத்துகின்றனர். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட விதிப்படி, பதிவுபெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும். 18 சதவீத வரி சேர 35,400 ரூபாய். இதற்குமேல் கேட்பது சட்டவிரோதம். ஆனால் லக்ஷம், ஒன்றரை லக்ஷம் கொடுத்தேன் என்று சொல்பவர்களைத் தணிக்கைக்குப் போகும் கிராமங்களில் நான் கண்டிருக்கிறேன். ரசீது எவரிடத்திலும் இல்லை.

கணக்குக்காக ஓர் அங்கத்தினரை வைத்துக்கொள்வோம். திருமங்கலத்துப் பக்கத்துக்காரர், துபாயில் மாதம் 1,000 திர்ஹம் சம்பளம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. திர்ஹம் 1997 முதல் அமெரிக்க டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. 2024-ல் நம் நாணயத்தில் 23 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. 23 என்றே கொண்டால் 23,000 ரூபாய். ஊரில் இது பெரிய தொகையாகவே ஒலிக்கும். சாப்பாட்டுக்கு 400 திர்ஹம், தொலைபேசி, சோப்பு, மருந்து, பணம் அனுப்பும் கட்டணம் எல்லாவற்றுக்கும் 100 திர்ஹம் வைத்தால் மிச்சம் 500. அதாவது 11,500 ரூபாய். இருப்பிடம் முதலாளி கொடுப்பதாக வைத்துக்கொண்டுதான் இக்கணக்கு. அதுவும் இல்லையென்றால் கணக்கே வேண்டியதில்லை, போகாமலிருப்பதே உத்தமம். ஊரில் மனைவி மக்களின் செலவுக்கு 6,000 ரூபாய். கடனுக்குச் செலுத்த நிற்பது 5,500 ரூபாய்.

கடன் ஒன்றரை லக்ஷம். வெளியில் நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி. முதல் மாத வட்டி மட்டும் 4,500 ரூபாய். 5,500 செலுத்தினால் அசலில் கழிவது ஆயிரம். இப்படியே ஒரு மாதமும் தவறாமல் இரண்டு வருஷம் செலுத்தி, ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பும் நாளில், நிற்கும் கடன் ஏறத்தாழ 1,15,600 ரூபாய். செலுத்தியதோ 1,32,000. அதே ஒன்றரை லக்ஷத்துக்கு வட்டி நூற்றுக்கு மாதம் ஒன்று என்றிருந்தால், இரண்டு வருஷ முடிவில் நிற்பது சுமார் 42,100 மட்டுமே. மேலும் ஏஜெண்டுக்குச் சட்டப்படியான கட்டணம் மட்டும் கொடுத்து, மற்றச் செலவுகளையும் சேர்த்து 60,000 ரூபாயில் முடித்து, அதையும் மாதம் ஒரு வட்டிக்கு வாங்கியிருந்தால், பன்னிரண்டாம் மாதத் தவணையோடு கடன் தீர்ந்துவிடும். இரண்டாவது வருஷச் சம்பாத்தியம் அவருடையது. மூன்று உதாரணங்களிலும் சம்பளம் ஒன்றே; உழைப்பும் ஒன்றே. அம்மனிதனின் கதியைத் தீர்மானித்தது துபாய் அல்ல. புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் அவர் கையெழுத்திட்ட பத்திரமே.

மலேசியாவுக்குப் போகிறவர்கள் அறியவேண்டியது: அங்கே 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று சட்டம் செய்யப்பட்டிருக்கிறது; ஐந்து ஆட்களுக்குக் குறைந்த சிறு ஸ்தாபனங்களுக்கு அவ்வருஷம் ஆகஸ்டு முதல். ஒப்பந்தத்தில் அதற்குக் குறைவாக எழுதியிருந்தால் கையெழுத்திடலாகாது. ஓவர்டைம் சேர்த்துச் சொல்லப்படும் தொகையையும் சம்பளமாக எண்ணலாகாது. அது 1930-ல் போய்விட்ட ‘பேர்’ போன்றது. வரலாம், வராமலும் போகலாம்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள், மலேசியாவும் வளைகுடா நாடுகளும் சேர்ந்த 18 தேசங்களுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி பெறவேண்டும். இதைத் தொந்தரவு என்று கருதிச் சுற்றுலா விசாவில் போகிறவர்கள் உண்டு. அவ்வனுமதியோடு சேர்ந்ததே பிரவாசி பாரதீய பீமா என்னும் இன்ஷூரன்ஸ். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும் மூன்று வருஷத்துக்கு 375 ரூபாயும் செலுத்தினால், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேரிடின் 10 லக்ஷம் ரூபாய் கிடைக்கும். கள்ள வழியில் போனவனுக்கு இது கிடையாது. தமிழ்நாட்டு சர்க்காரின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் நடந்துவருகிறது. தரகர் சொல்வதை அங்கே கேட்டுச் சரிபார்க்கலாம்.

சங்கத்தின் நிர்வாகிகள் செய்யக்கூடியதைப்பற்றிச் சில வார்த்தைகள். வெளிநாட்டுப் பிரயாணத்துக்கென்று நகைக்கடன் கேட்டு வரும் அங்கத்தினரிடம், ஒரு முழுத்தாளில் வரவுசெலவு எழுதிக்கொண்டு வரும்படி காரியதரிசி சொல்லவேண்டும். சம்பளம், நிச்சயமான வேலை நாள், சாப்பாடு, இருப்பிடம், ஊர்ச் செலவு, கடன் தவணை, திரும்பிவரும் கட்டணம் ஆகிய ஏழும் அதில் இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறக்கிறார்கள். வேலை போனால் திரும்பிவரக் கையில் பணமின்றி அக்கரையில் அகப்பட்டுக்கொள்வதே கஷ்டங்களில் பெரிய கஷ்டம். அத்தொகையைப் புறப்படுமுன்பே தனியே வைப்பாகச் செலுத்திவிடுவது நலம். கணக்கு எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிக்கொடுக்கட்டும். கணக்கு நிற்கவில்லையென்றால் கடனை மறுக்க நிர்வாகிகள் கூசவேண்டியதில்லை. ‘மறுத்தால் வெளியில் மூன்று வட்டிக்கு வாங்குவார்’ என்று சிலர் சொல்லுகிறார்கள், அது மெய்யே. ஆகவே மறுப்பதோடு நில்லாமல், எந்த இடத்தில் கணக்கு உடைகிறது என்பதை அவருக்கும் அவர் மனைவிக்கும் சேர்த்து உட்காரவைத்துக் காட்டவேண்டும். கடனை இங்கே இருந்து அடைப்பவள் பெரும்பாலும் அவளே. அவளைக் கேளாமல் செய்யும் கணக்கு அரைக் கணக்கு.

கடன் கொடுக்கப்பட்டால், அங்கத்தினர் புறப்படுவதற்குமுன் மூன்று காகிதங்களைக் காரியதரிசி வாங்கிவைத்துக்கொள்ளவேண்டும்: மனைவி அல்லது தாயார் பெயரில் சேமிப்புக் கணக்குத் திறந்ததற்குரிய மனு, அங்கத்தினரின் வாரிசு நியமனப் பத்திரம், வேலை ஒப்பந்தத்தின் நகல். ஒப்பந்தம் அந்நிய பாஷையில் இருந்தால், தெரிந்தவரைக்கொண்டு சம்பளத் தொகையையும் ஒப்பந்த காலத்தையும் தமிழில் அதன் ஓரத்திலேயே எழுதி, அங்கத்தினரின் கையெழுத்தையும் மனைவியின் கையெழுத்தையும் பெற்று, கடன் பத்திரத்தோடு தைத்து வைக்கவேண்டும்.